ரோடு உயர உயர

ஜூன் 4

மாண்புமிகு நகர சபைத் தலைவர் அவர்களுக்கு,

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் தெருவில், கடைசி வீட்டுக்கு முந்தின வீட்டில், தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள் எழுதிக்கொள்வது.

இனிமேல் பொதுமக்கள் யாரும் கூட்டத்தில் எழுந்து நின்று பேசக் கூடாது, சொல்ல வேண்டியதை ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சபை வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்களாம். எதிர்வீட்டு டீச்சர் படித்துவிட்டு வந்து சொன்னார். சட்டம் ஊருக்கெல்லாம் பொது என்றாலும், யாரை மனதில் வைத்துப் போட்டது என்பது ஊருக்கே தெரியும். இருக்கட்டும். எனக்கும் எழுத வரும். தங்கள் கையைப் பிடித்து அ, ஆ எழுதப் பழக்கியவளே நான்தான் என்பதை இந்த மனுவில் குறிப்பிட விரும்பவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இருபதாம் தேதிக் கூட்டத்தில் எங்கள் தெருவுக்குப் புது ரோடு போடுவதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள். ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல், அதன் தலைமேலேயே தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது தெருவிலிருந்து படியேறி வீட்டுக்குள் வந்தோம். இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்குகிறோம். படிகள் ரோட்டுக்கு அடியில் போய்ப் பல வருஷம் ஆகிறது. வீடு வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது, ரோடுதான் ஏறிக்கொண்டே போகிறது.

போன மழையில் முன்னறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. மெஷினுக்குக் கீழே செங்கல் அடுக்கி வைத்திருக்கிறேன், மிதிக்கக் கால் எட்டவில்லை. அதைவிடப் பெரிய கஷ்டம் என் வீட்டுக்காரருக்கு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர், முட்டி இரண்டும் தேய்ந்துபோய் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். வாசலிலிருந்து ரோட்டுக்கு நாற்காலியை ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். "வண்டி மேட்டுல ஏறலப்பா, கொஞ்சம் தள்ளி விடுங்க" என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுகிறார். சிரித்துக்கொண்டேதான் கூப்பிடுகிறார். எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

ஆகவே பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரோடு போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தடவையும் மேலேயே போட்டால் நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு எங்காவது போக வேண்டியதுதான். அப்பா கட்டிய வீடு. எங்கே போவது என்று தெரியவில்லை.

நான் கடைசியாக வந்த கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நான் தண்ணீர் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீ மைக்கில், "முறைப்படி மனு கொடுங்க, இப்ப உட்காருங்கம்மா" என்றாய். அம்மாவாம். யாரோ ஒருத்தியிடம் சொல்வது போல. "டேய் உருண்டை, நான் உன் அக்காடா!" என்று அத்தனை பேர் நடுவில் கத்தியிருக்கக் கூடாதுதான். வாயில் வந்தது வந்துவிட்டது. அதற்காக ஒரு மனுஷன் வீட்டுப் பக்கமே வராமல், ஃபோனையும் எடுக்காமல் இருப்பானா?

மேலே "நீ" என்று வந்த இடங்களைத் "தாங்கள்" என்று படித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தண்ணீர் புகும் வீட்டுக்காரி


ஜூன் 9

அன்புடையீர்,

தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. தங்கள் தெருவின் சாலைப் பணி இம்மாதம் இருபதாம் தேதி நடைபெறும் கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். பழைய சாலையைச் சுரண்டி அகற்றுவது குறித்துப் பொறியாளரிடம் அறிக்கை கேட்கப்பட்டுள்ளது. மனுக்களில் சொந்த விவகாரங்களைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

தலைவர்,
நகர சபை

(கையால்) மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.


ஜூன் 12

தலைவர் அவர்களுக்கு,

யார் சொல்வார்கள்? ஃபோனை எடுத்தால்தானே சொல்ல முடியும். டாக்டர் நாற்காலி வாங்கச் சொன்ன அன்று முதலில் உனக்குத்தான் அடித்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்துபோனது. பிறகு நானும் எதிர்வீட்டு டீச்சரும் ஆட்டோவில் போய் வாங்கி வந்தோம். உன் மாமா அதில் உட்கார்ந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "இதுக்கு ஹாரன் கிடையாதா?" அவர் அப்படித்தான். ஆனால் சாயங்காலம் வாசல் பக்கம் போய், ரோட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு இருக்கிறார். தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரோட்டை அண்ணாந்து பார்க்கிற கொடுமை வேறு எந்த ஊரிலாவது உண்டா, சொல்லு.

உங்கள் பொறியாளர் வந்து அளந்தார். நல்ல பிள்ளை. பேச்சில் மரியாதை. "சுரண்டினா செலவு ஜாஸ்தி மேடம், காண்ட்ராக்டர் ஒத்துக்க மாட்டார்" என்றார். "ஒத்துக்கொள்ள வேண்டியது அவரா நாங்களா?" என்று டீச்சர் கேட்டதும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

தெருவே சேர்ந்து ஒரு மனு தயார் செய்திருக்கிறோம். டீச்சர் எழுதினார், அவர் எழுதினால் கமா கூட நிமிர்ந்து நிற்கும். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. முனைக் கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்த தம்பதி, எல்லோரும். முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். "அக்கா, நீங்க சொன்னாதான் தலைவர் கேப்பாரு" என்கிறார்கள். நீ என்னிடம் பேசுவதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. போட்டுவிட்டேன்.

சின்னவள் எப்படி இருக்கிறாள்? பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவெடுக்க இந்த வருஷம் நீ அவளை அனுப்பவில்லை. மனதில் அளவெடுத்து இரண்டு தைத்து, உன் மனைவி மார்க்கெட்டில் எதிர்ப்பட்டபோது கொடுத்தேன். கை கொஞ்சம் நீளமாக இருந்தாலும் இருக்கும். வளர்கிற பிள்ளைதானே.

அக்கா


ஜூன் 15

அக்கா,

இதைச் சபைத் தாளில் எழுதவில்லை என்பதைக் கவனி.

உனக்கு அது ஒரு வார்த்தை. வாயில் வந்தது வந்துவிட்டது என்று எழுதிவிட்டாய். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியுமா? மறுநாள் பத்திரிகையில் பெட்டிச் செய்தியாகப் போட்டான். அதற்கு அடுத்த கூட்டத்தில் எதிரணி உறுப்பினர் ஒரு எலுமிச்சம்பழத்தை மேஜைமேல் உருட்டி விட்டு, "தலைவர் வர்றார், வழி விடுங்க" என்றார். சபையே சிரித்தது. என் பக்கத்தில் இருந்தவர்களும்தான். டீக்கடையில் போய் நின்றால் பேச்சு நின்றுபோகிறது. சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் "உருண்டை பொண்ணு" என்று கூப்பிடுகிறார்களாம். அவள் என்னிடம் சொல்லவில்லை, அவள் அம்மாவிடம் சொன்னாள். ஒரு ஊர் என்னை நிமிர்ந்து பார்க்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாததா? நீயே ஒரு நொடியில் என்னை அரை டிராயர் போட்டு நிறுத்திவிட்டாய்.

உன்னை "அம்மா" என்று சொன்னதற்குக் கோபம் உனக்கு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லோரும் எனக்கு அய்யா, அம்மாதான். உன்னை மட்டும் அக்கா என்று கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா?

சரி, கோபத்தை எழுதி முடித்துவிட்டேன். இனி விஷயம். கவனமாகப் படி.

உங்கள் தெரு மனு வந்தது. பொறியாளரைக் கூப்பிட்டு நான் தனியாகப் பேசினேன். நீ சொல்வது முழுக்க நியாயம். சுரண்டித்தான் போட வேண்டும். ஆனால் சபையில் சரிபாதி பேர் செலவு என்று சொல்லி எதிர்க்கிறார்கள். என் ஓட்டு விழுந்தால் தீர்மானம் ஜெயிக்கும். விழாவிட்டால் பழையபடி மேலேயே தார்.

என் ஓட்டு விழ வழியில்லை. உறுப்பினரின் நெருங்கிய உறவினருக்குச் சொத்து இருக்கிற இடத்தைப் பற்றிப் பேசும்போது அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும் என்று விதி. யார் கொண்டுவந்த விதி என்று கேட்காதே. தேர்தலில் மேடைக்கு மேடை நான்தான் பேசினேன், ஜெயித்தவுடன் நான்தான் கொண்டுவந்தேன். எதிரணிக்காரர் உன் முதல் கையெழுத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த விதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

சட்ட ஆலோசகரிடம் கேட்டேன். ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். உன் வீட்டு முன்பகுதியை மட்டும் தீர்மானத்திலிருந்து விட்டுவிட்டால், மற்ற வீடுகளுக்காக நான் உட்கார்ந்து ஓட்டுப் போடலாம். அதாவது தெரு முழுக்க ரோடு இறங்கும், உன் வாசலில் மட்டும் இறங்காது. வீட்டுக்குச் சொந்தக்காரி நீயே எழுதிக் கொடுத்தால்தான் அதையும் செய்ய முடியும்.

இதை நான் உன்னிடம் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பேன்? தெரிந்துகொள் என்றுதான் எழுதினேன். மாமா ரோட்டை அண்ணாந்து பார்க்கிறார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

தம்பி


ஜூன் 17

நகர சபைத் தலைவர் அவர்களுக்கு,

எங்கள் தெருச் சாலைப் பணியில் என் வீட்டு முன்பகுதியைச் சேர்க்க வேண்டாம் என்று முழுச் சம்மதத்துடன் எழுதிக் கொடுக்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தெரு மனுவிலிருந்து என் கையெழுத்தையும் எடுத்துவிடவும்.

தையற்காரி

(இது தனித்தாள். கோப்பில் சேர்க்காதே.)

உருண்... சரி, விடு. தம்பி,

உன் கடிதத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம், "பஸ்ஸில அத்தனை பேருக்கும் சீட்டு கிடைக்குதுன்னா டிரைவர் வீட்டம்மா நின்னுக்கிட்டு வரட்டுமே" என்றார். "எழுதிக் கொடு, யோசிக்காத" என்றார். அவருக்கு எளிதாகச் சொல்ல வந்துவிட்டது. எனக்கு எழுதி முடிப்பதற்குள் மூன்று தாள் வீணாயிற்று.

டீச்சருக்கு விஷயம் தெரிந்து ஒரே சண்டை. "உங்களை விட்டுட்டு எங்களுக்கு எதுக்கு ரோடு" என்று அழுதுவிட்டார். அவர் வீட்டு சமையலறைக்குள் மழைக்குச் சாக்கடைத் தண்ணீரே வருகிறது. எனக்காவது வெறும் மழைத் தண்ணீர். போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ சொன்னதில் ஒன்று உறைத்தது. சின்னவளையும் அந்தப் பேர் துரத்தும் என்று நான் நினைக்கவே இல்லை. நீ தவழ்கிற வயதில் வாசல் படியில் உருண்டு கீழே போய், அடிபடாமல் எழுந்து உட்கார்ந்து சிரித்தாய். அன்றைக்கு வைத்த பேர். எனக்கு அந்தப் பேரில் செல்லத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஊர் வாயில் போனால் அது வேறாகிவிடும் என்று புரியாமல் போய்விட்டது. இனிமேல் கூப்பிட மாட்டேன்.

இருபதாம் தேதி நீ வெளியே போகாதே. நாற்காலியில் நன்றாக நிமிர்ந்து உட்கார். நான் கடைசி வரிசையில் வந்து உட்காருவேன், வாயைத் திறக்க மாட்டேன். வேண்டுமானால் வாயில் ஊசி நூல் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அக்கா


ஜூலை 8

தம்பி,

நன்றாக இருக்கிறாயா? தீர்மானம் ஜெயித்த அன்று உன்னைக் கிட்டே வந்து பார்க்க வேண்டும் போல இருந்தது. எதிரணிக்காரர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றதால் வந்த வழியே வந்துவிட்டேன். நீ ஓட்டுப் போடக் கையைத் தூக்கியபோது நம் அப்பா பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவது போலவே இருந்தது. பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கிட்டே வரப் பார்த்தேன்.

வேலை முடிந்துவிட்டது. சுரண்டுகிற மெஷின் வந்து தெருவை உரித்துக்கொண்டே போனது. டீச்சர் வீட்டு வாசலில் கருங்கல் படிகள் வெளியே வந்தன. அவர் அப்படியே அதன்மேல் உட்கார்ந்து, காணாமல் போன சொந்தக்காரர் திரும்பி வந்த மாதிரி தடவிக் கொடுத்தார். முனைக் கடைக்காரர் வீட்டில் படிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தண்ணீர்க் குழாய் கூடக் கிடைத்தது. அதற்குத் தெருவே கூடிவிட்டது.

எங்கள் சுவர் வந்ததும் மெஷின்காரர் பிளேடைத் தூக்கிக்கொண்டார். கடந்து போய் அந்தப் பக்கம் இறக்கினார். "அம்மா, இது ரெண்டு நிமிஷ வேலை, இழுத்து விட்டுடட்டுமா?" என்று கேட்டார். எதிரணிக்காரர் கேமரா ஃபோனோடு டீச்சர் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். "வேண்டாம்பா, தீர்மானப்படி செய்" என்று சொல்லிவிட்டேன். எதிரணிக்காரர் முகம் தொங்கிப்போனதைப் பார்க்க வேண்டுமே!

இப்போது தெரு பூராவும் ஒரே மட்டம், எங்கள் வாசலில் மட்டும் ஒரு மேடு. வருகிற வண்டியெல்லாம் நின்று, ஏறி, இறங்கிப் போகிறது. ஏறுகிற ஒவ்வொருவனும் ஏன் என்று கேட்கிறான். நானும் தையல் மெஷினை நிறுத்தி நிறுத்திக் கதை சொல்லி அலுத்துவிட்டேன். இப்போது மாமா சொல்கிறார். அவர் சொல்லும்போது நீ ஒரு பெரிய வீரன் மாதிரி வருகிறாய், நான் ஒரு வாயாடி மாதிரி வருகிறேன்.

நேற்று மழை பெய்தது. தெருவில் ஒருவர் வீட்டிலும் தண்ணீர் புகவில்லை. எங்கள் முற்றத்தில் விழுந்தது மட்டும் வெளியே போக வழியில்லாமல் நின்றது. வாளியில் அள்ளி ஊற்றினேன். டீச்சரும் மாடி வீட்டுப் பெண்ணும் கூட வந்து அள்ளினார்கள். பொய் சொல்லக் கூடாது, அவர்கள் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். வருத்தப்படாதே. எழுதிக் கொடுத்தது நான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மாமாவின் நாற்காலி இப்போது முன்னைவிட மோசம். மேட்டில் ஏறவும் ஆள் வேண்டும், அந்தப் பக்கம் இறங்கவும் ஆள் வேண்டும்.

நேரம் கிடைத்தால் மாமாவை வந்து பார். தலைவராக வேண்டாம்.

அக்கா


ஜூலை 11

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரப் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் "ஏய், உருண்டை பொண்ணு!" என்று கத்தினாள். எனக்குச் சுருக்கென்றது. நம்மவள் என்ன செய்தாள் தெரியுமா? நீ தைத்த சட்டையின் கையை மடித்து விட்டுக்கொண்டே, "ஆமா, எங்க அத்தை வெச்ச பேரு. உங்க அப்பாவுக்கு யாராவது பேர் வெச்சிருக்காங்களா?" என்றாள். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். நம்மவள் பையை வாங்கி வீடு வரைக்கும் நானே சுமந்து வந்தேன்.

சபைக்குப் போய் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். தன் வாசலில் உயர்ந்திருக்கும் பகுதியை வீட்டுக்காரரே சொந்த உழைப்பில் இறக்கி, தெரு மட்டத்துக்குச் சரிசெய்துகொள்ளலாம், பொறியாளரின் அனுமதி மட்டும் போதும் என்று ஒரு மூலையில் இருக்கிறது. டீச்சரிடம் சொல்லி, உன் பேரில் பொறியாளருக்கு மனு கொடுக்க வைத்தேன். அனுமதி நேற்று வந்துவிட்டது. நான் அந்தக் கோப்பைத் தொடவில்லை, அது இருக்கும் அறைக்குள்ளே கூடப் போகவில்லை. தாரைப் பெயர்த்து எடுத்து, கீழே ஜல்லி போட்டுக் கெட்டித்துவிட்டால் போதுமாம்.

சபையின் ஆள் ஒருவரும் வரக் கூடாது, சபையின் மண்வெட்டி கூட வரக் கூடாது. சரி. ஆனால் தம்பி கடப்பாறையைத் தூக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. முழுக்கப் பார்த்துவிட்டேன். பாதி நானே போட்டது, எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். சின்னவளும் அவள் அம்மாவும் வருகிறார்கள். எதிரணிக்காரருக்கு எப்படியோ மூக்கில் வேர்த்துவிட்டது, வேடிக்கை பார்க்க வருவேன் என்கிறார். வரட்டும், ஜல்லி சுமக்க அவருக்கும் ஒரு கூடை எடுத்து வை. மாமாவை வாசலிலேயே உட்கார வை. ஹாரன் ஒன்று வாங்கியிருக்கிறேன், நாற்காலியில் மாட்டலாம். வேலையில் யாராவது அசந்தால் அவர் அடிக்கட்டும்.

நான் உருண்டு விழுந்த படி அந்த மேட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்த பிறகுதான் உன் வீட்டில் ஒரு வாய் டீ குடிப்பேன். டீ ஆனதும் உள்ளேயிருந்தே சத்தமாகக் கூப்பிடு. தெருவுக்கே கேட்கட்டும்.

இப்படிக்கு,
உருண்டை